ரெமியின் இடது கை

ஐப்பசி மழை அன்று காலையிலிருந்தே வருவேன் வருவேன் என்று மிரட்டிக்கொண்டிருந்தது. பீச் ரோட்டில், பழைய பஞ்சுக் கம்பெனி வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன பங்களாவின் முன்னால் சைக்கிள் ரிக்‌ஷா வந்து நின்றபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. சத்தியராஜ் முதலில் குதித்து இறங்கினான். டிரம்களை ஒவ்வொன்றாக இறக்கி வாசல் படியில் வைத்தான். கடைசியில் மனைவிக்குக் கை நீட்டினான்.

"இறங்கு கிளாடிஸ். மழைக்கு முன்ன உள்ள போயிருவோம்."

அவன் இத்தனை உற்சாகமாக இருந்து அவள் பார்த்துப் பல மாதங்கள் ஆகிவிட்டன.

அந்தப் பங்களா இப்போது கிளப். வெளிநாட்டுக் கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும்போது அவற்றின் ஆபீசர்கள் படகில் கரைக்கு வந்து இங்கேதான் சனிக்கிழமை சாயங்காலங்களைக் கழிப்பார்கள். ஊரின் ஏற்றுமதி வியாபாரிகளும் குடும்பத்தோடு வருவார்கள். எழுபத்திரண்டாம் வருஷம், மது விலக்கு மறுபடி வராத காலம். ஆட்டம், பாட்டம் எல்லாம் உண்டு.

கிளாடிஸ் நாசரேத்துக்காரி. தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆர்கன் வாசிப்பாள். கிளப்பில் பியானோ வாசிக்க அவள் வந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. பியானோ வாசித்தவன் போய் இரண்டு மாதமாகிறது. இன்றைக்கு ஒரு கிரேக்கக் கப்பலின் ஆபீசர்கள் மொத்தமாக வருகிறார்கள். வேறு ஆள் கிடைக்காமல் கிளப்பை நடத்தும் வெள்ளத்துரை வீட்டுக்கே வந்து கேட்டார். அவள் தயங்கினாள். சத்தியராஜ்தான் அவளை முந்திக்கொண்டு, "அவ வாசிப்பா அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டான்.

அவர் போனதும் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இனிமே நீயும் நானுந்தான்" என்றான்.

ஹாலுக்குள் நுழைந்ததும் கிளாடிஸ் சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டாள்.

சிப்பி அழுகிய நாற்றம். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் கரையில் சிப்பிகளைக் குவித்து அழுகவிடுவார்கள். அந்த வாடை ஊரையே தூக்கிக்கொண்டு போகும். கடைசி முத்துக்குளிப்பு முடிந்து வருஷங்கள் ஆகிவிட்டன. இந்த ஜன்னல் மூடிய ஹாலுக்குள் அது எப்படி வந்தது?

பியானோவுக்கு அடியில் குத்தவைத்து உட்கார்ந்து ஒரு பெண் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கிளப்பைக் கூட்டிப் பெருக்கும் இசக்கித்தாய்.

"கூரை ஒழுகுதா?" என்று கேட்டாள் கிளாடிஸ்.

இசக்கித்தாய் மேலே பார்க்கவில்லை. சத்தியராஜ் டிரம்களை எடுக்க வெளியே போயிருக்கிறானா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மழையே பெய்யலியே டீச்சரம்மா. தினமும் விடியக்கால வந்து பாத்தா இந்தப் பெட்டிக்கு அடியில தண்ணி நிக்கி. நல்ல தண்ணியும் இல்ல." ஈரத் துணியைப் பிழிந்தாள். "உப்புத் தண்ணி."

கிளாடிஸ் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

*

அந்தப் பியானோவில் உட்கார்ந்து வாசித்தவன் பெயர் ரெமிஜியுஸ் கொரைரா. கப்பல்காரர்களுக்கு ரெமி. தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்து, கொழும்பு ஹோட்டல்களிலும் பயணிகள் கப்பல்களிலும் ஜாஸ் வாசித்துவிட்டு, நாற்பதைத் தாண்டியபிறகு சொந்த ஊருக்குத் திரும்பியவன். கட்டை குட்டையான உருவம். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு உட்கார்ந்தானென்றால் அந்த உருவம் மறைந்துபோகும். கைகள் மட்டும்தான் இருக்கும்.

கணவன் டிரம் வாசிப்பதைப் பார்க்கத்தான் கிளாடிஸ் முதல் தடவை கிளப்புக்கு வந்தாள். அதன்பிறகு எல்லாச் சனிக்கிழமையும் ரெமிக்காக வந்தாள். இதில் தப்பாக நினைக்க ஒன்றுமில்லை. ரெமியோடு அவள் பேசிய பேச்சை எல்லாம் சேர்த்தாலும் பத்து வாக்கியம் தேறாது. அவன் வாசிப்பு அவளை அப்படிப் பிடித்துக்கொண்டது.

துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர்கள் தோணிக்கும் கரைக்கும் நடுவே போட்ட பலகையில் நடப்பதை அவள் பார்த்திருக்கிறாள். பலகை வளையும். அது திரும்ப எழும்புகிற கணத்துக்குக் காத்திருந்து அடுத்த அடியை வைப்பார்கள். பாரம் தன்னால் முன்னே போகும். ரெமியின் இடது கை அப்படி நடந்தது. கனமாக, சோம்பலாக, ஒருபோதும் வழுக்காமல். வலது கை அந்த நடையை வேடிக்கை பார்த்துக்கொண்டு கரையிலேயே நிற்கும். வரவேண்டிய இடத்தில் வராது. இனி வரவே வராது என்று நெஞ்சு தவிக்கும்போது மயிரிழை பிந்தி வந்து விழும். விழுந்த வேகத்தில் தகரக் கூரையில் மழை சிதறுவதுபோலச் சுரங்கள் சிதறும். அத்தனை வேகத்திலும் ஒவ்வொரு துளியும் தனித்தனியாகக் கேட்கும். கேட்பவனின் இடுப்பும் தோளும் அவனைக் கேளாமலே அசைய ஆரம்பிக்கும்.

அவளுக்குத் தாளம் என்றால் அதுவரை சுவரில் மாட்டிய கடிகாரம். ரெமியிடம் அது மூச்சு விட்டது.

சத்தியராஜின் அடி சுத்தமானது. அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ரெமி தாளத்தைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும் இடங்களில் அவனுக்குப் பொறுமை இருக்காது. ஓடிவிடுவான். ரெமி வாசிப்பை நிறுத்தாமலே தலையைத் திருப்பி, "ஏ சத்தியா, ஓடாதடே. பஸ்ஸு ஒண்ணும் போயிராது" என்பான். ஹால் முழுக்கச் சிரிக்கும். சத்தியராஜும் சிரிப்பான்.

ஒருநாள் வீட்டில், சோற்றைப் பிசைந்துகொண்டே அவன் கேட்டான்.

"அவன் வாசிக்கையில உன் காலு ஆடுது. நான் அடிக்கையில ஏன் ஆட மாட்டுக்கு?"

வேடிக்கைக்குக் கேட்கிறான் என்று நினைத்து அவள் சிரித்துவிட்டாள். அவன் எழுந்துபோய்க் கை கழுவினான்.

அதற்கு அடுத்த வாரம், ரெமி சொல்லாமல் கொள்ளாமல் தோணி ஏறிக் கொழும்புக்குப் போய்விட்டான் என்ற செய்தியைச் சத்தியராஜ்தான் கொண்டுவந்தான். ஊர் நம்பியது. கப்பலோடு வளர்ந்த மனுஷன், ஓரிடத்தில் தங்கமாட்டான் என்றார்கள். கிளாடிஸ் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதையும் சத்தியராஜ் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

*

அவள் பியானோவின் மூடியைத் திறந்தாள். கட்டைகள் ஈரமாயிருந்தன. நீர் கோத்திருப்பதுபோல ஒரு பிசுபிசுப்பு. இடுக்குகளில் நறநறவென்று மணல்.

மேடையில் அவளுக்குப் பின்னால் சத்தியராஜ் டிரம்களை நிறுத்தி வைத்து, திருகுகளை முறுக்கிக்கொண்டிருந்தான். விரல்களைப் பழக்கலாமென்று ஒரு கீர்த்தனையை மெல்ல எடுத்தாள். இரண்டு வரி வாசித்திருப்பாள். இடது கைக்குக் கீழே கட்டைகள் சில்லென்று குளிர்ந்தன.

ஐஸில் கை வைத்ததுபோல் விரல்கள் விறைத்தன. பிறகு நடந்தன.

கனமாக. சோம்பலாக. பலகை எழும்பும்வரை காத்திருந்து.

அவளுக்கு அப்படி வாசிக்கத் தெரியாது. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு எத்தனையோ முறை முயன்றும் வராத நடை அது. இப்போது தானாக வந்தது. கட்டைகளை உற்றுப் பார்த்தாள். அவள் விரல் படுவதற்கு ஒரு கணம் முந்தியே அவை கீழே இறங்கின. அவள் விரல்கள் அவற்றைத் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தன, அவ்வளவுதான்.

பின்னால் ஏதோ விழுந்து உருண்டது. டிரம் குச்சி.

"யாரு அத வாசிச்சது?"

சத்தியராஜின் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் இருந்தது.

"நாந்தான்."

"நீ இல்ல." உடனே குரலை மாற்றிக்கொண்டான். "அந்தக் கண்றாவி எல்லாம் வேண்டாம். வால்ட்ஸ் மட்டும் வாசி, போதும்."

"இதுல தண்ணி இருக்குங்க. தொடச்சிட்டு மூடி வைங்க, சாயங்காலம் பாத்துக்கிடலாம்."

அவன் நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. ஒரு மரப்பலகைதான் அந்த மூடி. ஆனால் அவன் அதை நாகப்பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீயே மூடு" என்றான்.

கிளாடிஸ் கைக்குட்டையால் கட்டைகளைத் துடைத்தாள். துணியில் முதலில் தண்ணீர் வந்தது. அப்புறம் வந்தது பழுப்பாக, லேசான சிவப்பாக இருந்தது. துரு என்று சொல்லிக்கொண்டாள்.

*

விளக்கு வைக்கும் நேரத்துக்கு மழை பிடித்துக்கொண்டது. அதையும் பொருட்படுத்தாமல் ஹால் நிறைந்துவிட்டது. வெள்ளைச் சட்டை போட்ட கிரேக்க ஆபீசர்கள், சென்ட் வாசனையோடு வியாபாரிகள், பட்டுச் சேலையில் அவர்கள் மனைவிமார். அவர்கள் கொண்டுவந்த வாசனையில் சிப்பி நாற்றம் கொஞ்சம் அமுங்கியது.

வெள்ளத்துரை பியானோவருகே வந்து, "பயப்படாதிய டீச்சர். நம்ம சத்தியா கூடத்தான் இருக்கான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதலில் ஒரு வால்ட்ஸ். ஜோடிகள் எழுந்து சுற்றினார்கள். அடுத்தும் ஒரு வால்ட்ஸ். சத்தியராஜ் மெல்லத் தட்டினான். அவன் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. ஒருமுறை அவளைப் பார்த்துப் புன்னகைகூடச் செய்தான். அவளும் செய்தாள். மத்தியானம் நடந்ததெல்லாம் மன மயக்கம் என்று நம்ப ஆரம்பித்திருந்தாள்.

மூன்றாவதைத் தொடங்கக் கை வைத்தபோது கட்டைகள் குளிர்ந்திருந்தன.

இடது கை நடந்தது.

ஹாலில் பேச்சு அடங்கியது. சுழன்றுகொண்டிருந்தவர்கள் ஒரு நொடி தடுமாறினார்கள். பிறகு அந்த நடை அவர்கள் இடுப்பில் ஏறிக்கொண்டது. கிரேக்கன் ஒருவன் உற்சாகமாக விசிலடித்தான்.

வலது கை காத்திருந்தது. அவள் நெஞ்சு தவித்தது. இனி வராது என்று நினைத்தபோது வந்து விழுந்தது.

கிளாடிஸுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பயத்தில் இல்லை. இந்தச் சத்தம் இனித் தன் வாழ்நாளில் கிடைக்காது என்று நினைத்திருந்தாள்.

ரெமி இவ்வளவு நன்றாக முன்னே வாசித்ததில்லை. சுரங்கள் படிப்படியாக ஏறி, உச்சியில் நின்று, கரணம் அடித்து இறங்கின. அவள் சுண்டுவிரலுக்கு அப்பால், ஒரு சாண் தள்ளி, யாரும் தொடாத கட்டைகள் தாமாக அமுங்கின. எந்தக் கையும் அத்தனை தூரத்தை ஒன்றாகப் பிடிக்க முடியாது. விரல்கள் கிழிந்தாலன்றி எட்டாது. ஆனால் அத்தனையும் ஒரே அடியில் ஒன்றாக ஒலித்தன. அந்தக் கட்டைகளின் மேல் ஈரத்தில் ரேகை பதிந்து பதிந்து மறைந்தது.

பின்னால் டிரம் கேட்டது. சத்தியராஜ் ஓடவில்லை. முதல் தடவையாகச் சரியான இடத்தில், சரியான பின்னிழுப்பில் அடித்துக்கொண்டிருந்தான்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

அவன் அடிக்கவில்லை. அவன் கைகள் அடித்துக்கொண்டிருந்தன.

உடம்பைப் பின்னுக்கு இழுத்து, குதிகாலைத் தரையில் ஊன்றி, எழுந்து ஓடப் பார்த்தான். கைகள் டிரம்மை விட்டு வரவில்லை. சாட்டையில் கட்டிய கயிறுபோல அவை மேலே போய்ப் போய் விழுந்தன. உள்ளங்கைத் தோல் உரிந்து குச்சியில் ரத்தம் வடிந்தது. ஒவ்வொரு அடிக்கும் டிரம்மின் வெள்ளைத் தோலிலிருந்து சிவப்பு தெறித்தது.

கூட்டம் கைதட்டியது. வித்தை என்று நினைத்துவிட்டார்கள்.

"நிறுத்து" என்றான் சத்தியராஜ். உதடுதான் அசைந்தது.

நடை வேகம் கூடியது.

"ஏளா... நிறுத்துளா..."

அவள் வலது கையைக் கட்டையிலிருந்து பிடுங்கி மடியில் வைத்தாள். சட்டென்று பாதிச் சத்தம் அறுந்தது. டிரம்மும் தளர்ந்தது. அவன் மூச்சை இழுத்துக்கொள்ள முடிந்தது.

அப்படியானால் தன்னால் நிறுத்த முடியும். இடது கையையும் எடுத்துவிட்டால் போதும். அது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

சத்தியராஜுக்கும் தெரிந்துவிட்டது. கெஞ்ச ஆரம்பித்தான். அடிக்கும் அடிக்கும் நடுவே வார்த்தைகள் துண்டு துண்டாக வந்தன. கூட்டத்தின் இரைச்சலில் வேறு யாருக்கும் அவை எட்டவில்லை.

"எடுத்திரு கிளாடிஸ்... அவன்தான் வந்திருக்கான்... அவன் கொழும்புக்குப் போகல."

"எங்க போனாரு?"

"நாந்தான்... நாந்தாம்ளா. எல்லாரும் போனப்புறம்... இங்கன வச்சு... மூடியை அவன் கை மேல இறக்கினேன். எடுக்க எடுக்க இறக்கினேன். விரலெல்லாம் பின்னால மடங்கிச்சு... அப்பவும் அவன் நிறுத்தல... அந்த விரலை வச்சுத் தட்டுதான்..."

டிரம் அடித்தது.

"உயிரோடதான்... முத்துக்குளிக்க இறங்குறவன் கட்டுத கல்லு, குடோன்ல கெடந்துச்சு... கால்ல கட்டி... பழைய பாலத்துக்கு அங்கிட்டு, கடல்ல தள்ளினேன்... உன்னாலதான். நீ அவன் கையையே பாத்துக்கிட்டிருந்த. அத நான் எத்தன நாளு பாத்துக்கிட்டிருப்பேன்?"

கிளாடிஸ் கட்டைகளைப் பார்த்தாள். ஒரு சாண் தள்ளி ஒன்றாக அமுங்கும் கட்டைகள். எந்த முழுக் கைக்கும் எட்டாத தூரம். ஒடிந்து, மடங்கி, எலும்பின் பிடி விட்டுப்போன விரல்களுக்கு எட்டும்.

இடது கை நடந்துகொண்டே இருந்தது. பொறுமையாக. அவளுக்காகக் காத்திருப்பதுபோல.

"எடுத்திருளா... நான் உன் புருசன்..."

அவள் வலது கையை மடியிலிருந்து எடுத்தாள்.

கட்டைகளின் மேல் வைத்தாள்.

குளிர்ந்த கை ஒன்று அவள் கைக்குக் கீழே ஏற்கெனவே அங்கே இருந்தது. அதன் விரல்கள் தாறுமாறாக அசைந்தன. அவள் தன் விரல்களை அவற்றின் மேல் படியவைத்தாள்.

அதன்பிறகு எழுந்த வாசிப்பைக் கேட்டவர்கள் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. கேட்டால் வேறு பேச்சு எடுப்பார்கள். கிழவர்கள், கர்ப்பிணிகள், மேஜையில் தட்டு வைத்துக்கொண்டிருந்த வேலையாட்கள் எல்லோரும் ஆடினார்கள். நிறுத்த முடியாமல் ஆடினார்கள். வெள்ளத்துரை தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஆடினார். மழையும் கடலும் அந்த நடைக்குள் வந்துவிட்டன.

குச்சி முறிந்தது. சத்தியராஜின் கை முறிந்த குச்சியால் அடித்தது. சிலாம்பு உள்ளங்கைக்குள் ஏறிப் புறங்கை வழியாக வந்தது. அப்படியும் அடித்தது.

முதலில் சுண்டுவிரல். பிறகு அதற்கடுத்தது. ஒவ்வொன்றாகப் பின்பக்கம் மடங்கின. அந்தச் சத்தம் பச்சை வெண்டைக்காயை ஒடிப்பதுபோல் தாளத்தின் இடைவெளிகளில் சரியாக வந்து விழுந்தது. பிந்தாமல். முந்தாமல்.

அவன் கத்தினான். கத்தல் பாதியில் நின்றது.

அவன் வாயிலிருந்து தண்ணீர் வந்தது.

வழிந்த தண்ணீர் பிறகு கொட்டியது. மூக்கிலும் வாயிலும் கொட்டியது. கண்கள் பிதுங்கின. கண்ணுக்குத் தெரியாத கயிறு இழுப்பதுபோல இரண்டு கால்களும் ஒன்றாகச் சேர்ந்து கீழே இழுபட்டன. உலர்ந்த பலகை மேடையில், அத்தனை விளக்குகளுக்கும் நடுவில், அவன் மூழ்கிக்கொண்டிருந்தான். கைகள் கடைசிவரை தாளத்தை விடவில்லை.

அவன் முகம் டிரம்மின் மேல் விழுந்தது. அதுவும் சரியான அடியில் விழுந்தது.

கிளாடிஸ் கைகளை எடுத்தாள்.

அடுத்த கணம் பியானோவின் மூடி தானாக இறங்கிப் படாரென்று அறைந்தது. அவள் நகத்தின் நுனி மட்டும் அதில் சிக்கித் தெறித்தது.

ஒரு நிமிஷம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, மூச்சு வாங்கிக்கொண்டு, கிரேக்கர்கள் பைத்தியம் பிடித்தவர்கள்போலக் கைதட்டினார்கள். கதவோரம் நின்றிருந்த இசக்கித்தாய்தான் மேடைத் தண்ணீரில் ரத்தம் கலந்து படிவழியாக இறங்கி வருவதை முதலில் பார்த்தாள். அவள் போட்ட கூச்சலில்தான் கைதட்டல் நின்றது.

*

டாக்டர் பிரேதத்தைப் பார்த்தார். நெஞ்சுக்குள் கடல் தண்ணீர் நிறைந்திருந்தது என்றார். கூடவே மணலும். கடலுக்கே போகாதவன் எப்படி என்று வெள்ளத்துரை கேட்டதற்கு, "என்கிட்ட கேக்காதிய" என்று சொல்லிவிட்டார்.

புருஷன் கடைசியாகச் சொன்னதைக் கிளாடிஸ் போலீசில் சொன்னாள். சங்கு குளிப்பவர்கள் மழை ஓய்ந்த நாளில் பழைய பாலத்துக்கு அப்பால் முங்கிப் பார்த்தார்கள். கல்லோடு கட்டியபடி ரெமி அங்கே நின்றுகொண்டிருந்தான். உடம்பை மீன்கள் விட்டுவைக்கவில்லை. கைகளை மட்டும் எதுவும் தொட்டிருக்கவில்லை. அவற்றைப் பார்த்த சங்கு குளிப்பவர்களில் ஒருவன் மேலே வந்ததும், அந்தக் கைகள் தண்ணீருக்குள் சும்மா இருக்கவில்லை என்று உளறினான். அலையின் அசைவாக இருக்கும் என்று மற்றவர்கள் அவனை அடக்கினார்கள்.

கோயில் மணி அடித்து, மரியாதையோடு ரெமியை அடக்கம் செய்தார்கள். வெள்ளத்துரை கிளப்பை மூடினார். பியானோவைக் கோடாலியால் பிளந்து, உப்பளக்காரர்களுக்கு அடுப்பெரிக்கக் கொடுத்துவிட்டார். ஈரம் போகாத அந்த விறகு நாள்கணக்கில் புகைந்துகொண்டு கிடந்ததாம்.

எல்லாவற்றையும் சொன்ன கிளாடிஸ் ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. வலது கையை மடியில் வைத்திருந்ததை. அதைத் திரும்ப எடுத்து வைத்ததை. அப்போது தனக்குள் என்ன இருந்தது என்று தனியாக இருக்கும்போது கேட்டுப் பார்ப்பாள். கோபம் இருந்தது, அது நியாயம்தான். ஆனால் கோபத்துக்கும் அடியில், அந்த வாசிப்பு பாதியில் நின்றுவிடக் கூடாதே என்ற ஆசையும் இருந்தது. எது பெரியது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

வேலையை விட்டுவிட்டு நாசரேத்துக்கே வந்தாள். அம்மா வீட்டின் பின்னறையில் தங்கினாள். ஆர்கனைத் தொடவில்லை. கோயிலில் பாட்டு எடுக்கும்போது கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வாள். வந்து சில வாரங்கள் கழித்துத்தான் வயிற்றில் பிள்ளை இருப்பது தெரிந்தது. கொலைகாரனின் பிள்ளை என்று அக்கம் பக்கத்தில் முணுமுணுத்தார்கள். அவள் அழவில்லை. இந்த ஒரு உயிராவது எனக்கென்று மிஞ்சட்டும் என்று மண்டியிட்டாள்.

பங்குனியில் ஒரு வெயில் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வரிசையில் காத்திருந்து உள்ளே போனதும், சீனித்தாய் என்ற நர்ஸ் அவளைக் கட்டிலில் படுக்கவைத்தாள். தடித்த உடம்பும் கறாரான பேச்சுமாக, எத்தனையோ பிரசவம் பார்த்தவள். புனல் போன்ற மரக்குழலை வயிற்றின் மேல் வைத்துக் காதைப் பொருத்தினாள். மறு கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு பிள்ளையின் இதயத் துடிப்பை எண்ண ஆரம்பித்தாள்.

அவள் உதடுகள் முணுமுணுத்தன. பிறகு நின்றன.

"என்ன சிஸ்டர்? பிள்ளைக்கு ஏதும் கோளாறா?"

சீனித்தாய் புருவத்தை நெரித்துக்கொண்டு குழலை இன்னும் அழுத்திக் கேட்டாள். கடிகாரம் பிடித்த கை மெல்லத் தழைந்தது. கண்கள் மூடிக்கொண்டன. தோள் அவளைக் கேளாமலே அசைய ஆரம்பித்தது.

வெளியே அடுத்த பெண் கதவைத் தட்டினாள். சீனித்தாய்க்குக் கேட்டதாகத் தெரியவில்லை. கறாரான அந்த முகத்தில் ஒரு புன்னகை, வரவேண்டிய நேரத்துக்குச் சற்றுப் பிந்தி வந்ததுபோல, மெதுவாகப் பரவியது.

கிளாடிஸ் பதறி எழப் பார்த்தாள். நர்ஸின் கனத்த கை அவள் தோளைப் பிடித்துக் கட்டிலோடு சேர்த்து அழுத்தியது. நகம் பதிந்தது.

"அசையாதிய டீச்சர்" என்றாள் சீனித்தாய், கண்ணைத் திறக்காமல். "இன்னும் கொஞ்சம் கேட்டுக்கிடுதேன்."